ஒற்றைச் செல் சுவர்

மேகமில்லாத முற்பகலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எதையும் குறிப்பாகப் பார்க்காமல் நீல வானத்தை ஒரு நிமிடம் பாருங்கள். மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள் வளைந்து நெளிந்து ஓடுவது தெரியும். ஒவ்வொன்றும் ஒரு விநாடிகூட நிற்காது. அது மறைந்த பிறகு அதே தடத்தில் இன்னொன்று வரும். கண்ணுக்குள் தூசி மிதப்பதாக நினைத்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கண்ணை அசைத்தால் கூடவே மெல்ல நகரும் நிழல்கள் வேறு. இந்தப் புள்ளிகள் தங்களுக்கென்று வகுத்த பாதையில் ஓடுகின்றன. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், துடிப்புக்கு ஏற்ப அவற்றின் வேகம் கூடிக் குறைவதையும் கவனிக்கலாம்.

விழித்திரையின் முன்புறத்தில் உள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் போகும் வெள்ளையணுக்கள்தான் அவை. சிவப்பணு நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, வெள்ளையணு அதைத் தடுப்பதில்லை. சிவப்பணுக்களின் வரிசைக்கு நடுவே ஒரு வெள்ளையணு வரும்போது அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் கூடுதலாக விழுகிறது. ஊசி, கத்தி, நுண்ணோக்கி எதுவும் இல்லாமல் நம் இரத்தம் ஓடுவதை நாமே பார்க்கிறோம். அதுவும் உடலின் மிகக் குறுகிய குழாய்களில்!

பள்ளியில் இதயத்தை நான்கு அறைகளோடு வரைந்து பாகங்களைக் குறிக்கப் பழகினோம். தந்துகிகள் எனப்படும் இந்த நுண்குழாய்களுக்குக் கிடைத்தது இரண்டு வரி. எனக்கு இது நெடுநாள் குறையாகவே இருந்துவருகிறது. இதயமும் பெருந்தமனியும் செய்வது கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. பெருந்தமனியின் தடித்த சுவர் வழியாக, அந்தச் சுவரின் உட்பக்கச் செல்களைத் தவிர, உடலின் எந்தச் செல்லுக்கும் ஆக்ஸிஜன் போய்ச் சேர்வதில்லை. கொடுக்கல் வாங்கல் முழுவதும் நடப்பது தந்துகியில். எந்த நொடியிலும் உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே அங்கே இருக்கிறது. அந்த 5 சதவீதத்துக்காகத்தான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம்.

இவ்வளவு நுண்ணிய குழாய்கள் எதற்கு? இரத்தத்தை இதயம் தள்ளுகிறது. ஆனால் குழாயிலிருந்து செல்லுக்குப் போகும் கடைசித் தூரத்தில் ஆக்ஸிஜனைத் தள்ளிவிட எதுவும் கிடையாது. மூலக்கூறுகள் தாமாக அலைந்து, மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவ வேண்டும். இந்தப் பரவலுக்கு ஒரு கடுமையான கணக்கு உண்டு. தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். 10 மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை, ஆக்ஸிஜன் ஒரு விநாடியின் நூறில் சில பங்கு நேரத்தில் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்குச் சில நிமிடங்கள் ஆகும். ஒரு சென்டிமீட்டர் என்றால் மணிக்கணக்கு. மூளைச் செல் ஆக்ஸிஜன் இல்லாமல் சில நிமிடங்கள்தான் தாங்கும். ஆகவே உயிரோடிருக்கும் செல்கள் அநேகமாக எல்லாமே ஏதாவது ஒரு தந்துகியிலிருந்து 100 மைக்ரோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். கண்ணின் கார்னியா இதற்கு விலக்கு. அது ஊடுருவித் தெரிய வேண்டுமென்பதால் அதற்குள் இரத்தக் குழாயே கிடையாது, தேவையான ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூட்டுக் குருத்தெலும்பிலும் குழாய்கள் இல்லை. முழங்காலில் அது ஒருமுறை தேய்ந்தால் லேசில் ஆறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தந்துகியைக் குறுக்காக வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் தெரியும் காட்சி எளிமையானது. தமனிக்கு மூன்று அடுக்குச் சுவர் உண்டு, தசை உண்டு, மீள்நார்கள் உண்டு. தந்துகியின் சுவரோ ஒரே ஒரு செல். பல இடங்களில் ஒற்றைச் செல்லே தட்டையாக விரிந்து, வளைந்து, தன் இரு ஓரங்களையும் தானே தொட்டுக் குழாயாகியிருக்கும். உட்கரு இருக்கும் இடம் மட்டும் சற்றுப் புடைத்திருக்கும். மற்ற இடங்களில் சுவரின் தடிமன் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. இந்தச் செல்லுக்கு எண்டோதீலியச் செல் என்று பெயர். அதற்கு வெளியே மெல்லிய அடிச்சவ்வு. அந்தச் சவ்வைப் பற்றியபடி ஆங்காங்கே பெரிசைட் என்ற செல் கிளைகளை நீட்டிக் குழாயை அணைத்திருக்கும். இவ்வளவுதான் கட்டுமானம்.

உட்பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. நெடுங்காலம் அது சரியாகக் கவனிக்கப்படவில்லை. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் பின்னிய ஒரு மென்படலம் எண்டோதீலியச் செல்லின் உள்முகத்தைப் போர்த்தியிருக்கிறது. கிளைக்கோகேலிக்ஸ் என்பது அதன் பெயர். திசுவைப் பதப்படுத்தும் வழக்கமான முறைகளில் அது சிதைந்துவிடும் என்பதால் பழைய படங்களில் அது இருப்பதே தெரியவில்லை. டெங்குவைப் பற்றிப் பேசும்போது அதனிடம் திரும்ப வருகிறேன்.

குழாயின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் விட்டமோ 7 முதல் 8 மைக்ரோமீட்டர். பல தந்துகிகளில் வாசலைவிட அணு பெரியது. சிவப்பணு அங்கே மடிந்து, நீண்டு, சுவரை உரசாத குறையாக ஒற்றை வரிசையில் நுழைகிறது. அதற்கு உட்கரு இல்லாதது இங்கே வசதியாகிவிடுகிறது. இந்த நெருக்கத்தால், அணுவிலிருந்து சுவருக்கு ஆக்ஸிஜன் கடக்க வேண்டிய தூரமும் மிகக் குறைந்துவிடுகிறது. தந்துகியின் நீளம் ஒரு மில்லிமீட்டரைப் பெரும்பாலும் தாண்டாது. அதைக் கடக்க அணுவுக்கு ஒரு விநாடி முதல் மூன்று விநாடி வரை கிடைக்கிறது. பெருந்தமனியில் விநாடிக்கு 20, 30 சென்டிமீட்டர் பாய்ந்த இரத்தம் இங்கே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாகிவிடுகிறது. பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு சில சதுர சென்டிமீட்டர்தான். கோடிக்கணக்கான தந்துகிகளின் குறுக்குப் பரப்பைக் கூட்டினால் அது ஆயிரக்கணக்கில் வரும். அகலம் கூடக்கூட வேகம் குறைகிறது. அந்த நிதானத்தில்தான் பரிமாற்றம் நடக்கிறது.

சிவப்பணு வளைந்துகொடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை நீலகிரி மக்கள் அறிவார்கள். 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணுப் பண்பு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்தியாவிலிருந்து இது குறித்து வந்த முதல் அறிக்கைகளில் அதுவும் ஒன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணுவைப் பெற்ற குழந்தையின் சிவப்பணு, ஆக்ஸிஜனை இழந்ததும் விறைத்து அரிவாளாக வளைகிறது. விறைத்த அணு நுண்குழாயில் சிக்கிக்கொள்கிறது. பின்னால் வருபவை அதன் மேல் குவிகின்றன. கைகால் எலும்புகளில் தாங்க முடியாத வலியாக அது வெளிப்படும். இரத்தத்தில் பிறக்கும் இந்த நோய், வேதனையைத் தருவது நுண்குழாயில்.

எல்லா உறுப்பிலும் தந்துகி ஒரே மாதிரி இல்லை. கல்லீரலில் சுவரில் பெரிய இடைவெளிகள் உண்டு, புரதங்கள்கூட எளிதாகப் போய்வரும். சிறுநீரக வடிகட்டியில் சுவர் முழுக்க நுண்துளைகள். மூளையிலோ செல்களின் ஓரங்கள் இறுகத் தைக்கப்பட்டிருக்கின்றன. 1885இல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தியபோது உடலின் மற்ற உறுப்புகள் நிறம் ஏறின, மூளை மட்டும் ஏறக்குறைய வெளுப்பாகவே இருந்தது. பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் குறைவது டோபமின். அதை நேரடியாகக் கொடுத்தால் இந்தச் சுவரைக் கடக்காது. சுவரில் வாயில் உள்ள லெவோடோபாவாகக் கொடுத்தால்தான் உள்ளே போகும், போன பிறகு டோபமினாக மாறும்.

இத்தனை முக்கியமான குழாய்களை யாரும் பார்க்காமலே இரத்த ஓட்டம் கண்டுபிடிக்கப்பட்டது என்பது அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1628இல் வில்லியம் ஹார்வி தன் நூலை வெளியிட்டார். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தை அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினால், உடலில் இருக்கும் மொத்த இரத்தத்தையும் விட அதிகமாக வருகிறது. உண்ட உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் ஊறியிருக்க முடியாது. ஆகவே போன இரத்தமே திரும்பி வருகிறது என்றார். தமனியிலிருந்து சிரைக்கு எப்படிப் போகிறது? அதை அவரால் காட்ட முடியவில்லை, தசையின் நுண்துளைகள் வழியாகப் போகலாம் என்று ஊகித்தார். 1657இல் அவர் இறந்தார். அடுத்த நான்கே ஆண்டுகளில், 1661இல், இத்தாலியின் பொலோனியாவில் மார்செல்லோ மல்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தவளையின் நுரையீரல் மெல்லியது, ஒளி ஊடுருவுவது. இரத்தம் திசுவுக்குள் சிந்தவில்லை, வலையாகப் பின்னிய நுண்குழாய்களுக்குள்ளேயே ஓடுகிறது என்பதைத் தன் நண்பர் பொரெல்லிக்குக் கடிதமாக எழுதினார். ஹார்வியின் நூல் வெளிவந்த ஆண்டில் பிறந்தவர் மல்பிகி.

குழாய்கள் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. அவை எப்போது திறக்கும், யார் திறப்பது என்பதைக் கேட்க இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோ என்ற உடலியங்கியலாளர் ஒரு முரணைக் கவனித்தார். உழைக்கும் தசைக்கு ஓய்வு நேரத்தைவிடப் பல மடங்கு ஆக்ஸிஜன் தேவை. ஓய்விலேயே எல்லாத் தந்துகிகளும் திறந்திருந்தால் உழைக்கும்போது கூடுதலாக எப்படிக் கிடைக்கும்? விலங்குகளின் இரத்தத்தில் கறுப்பு மையைச் செலுத்தி, தசையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, மை நிரம்பிய தந்துகிகளை எண்ணினார். ஓய்விலிருந்த தசையில் சிலவே நிரம்பியிருந்தன, உழைத்த தசையில் பல மடங்கு நிரம்பியிருந்தன. இதற்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் ஓரளவு ஓட்டம் உண்டு என்று பின்னாளைய அளவீடுகள் காட்டியிருப்பதால், அவருடைய விடையில் ஒரு பகுதி திருத்தம் பெற்றிருக்கிறது. கேள்வி இன்றும் அவருடையதுதான்.

உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். எல்லா நுண்குழாய்களையும் ஒரே நேரத்தில் தாராளமாக நிரப்ப அது போதாது. காவிரி நீர் குறைந்த ஆண்டில் கடைமடை வரை பயிரைக் காப்பாற்ற முறை வைத்து மடை திறப்பார்கள் அல்லவா, உடல் வாழ்நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பது அந்த முறைப்பாசனம். மடையாக இருப்பவை தந்துகிக்கு முன்னால் உள்ள நுண்தமனிகள். அவற்றின் சுவரில் வட்டமாகச் சுற்றிய தசை உண்டு. அது இறுகினால் வாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் 1840களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்து கண்ட விதி இங்கே பேருதவி செய்கிறது: குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும். நுண்தமனி கொஞ்சம் அசைந்தாலே அதன் கீழுள்ள தந்துகிகளின் நிலைமை தலைகீழாக மாறிவிடும். ஓய்வில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவே பெறும் உடல் தசைகள், கடும் ஓட்டத்தின்போது இதயம் இறைக்கும் 20 லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் குடலின் மடைகள் இறுக்கப்படுகின்றன. மூளையின் பங்கில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. கிருமித் தொற்றுக்கு உடலின் எதிர்வினை கட்டுமீறிப் போகும் செப்சிஸில் உடல் முழுக்க மடைகள் ஒருசேரத் திறந்துகொள்கின்றன. இரத்தம் கொட்டாமலேயே அழுத்தம் சரிந்து நோயாளி அபாயத்துக்குப் போய்விடுகிறார்.

தளர்த்தும் ஆணையைத் தருவது எது? 1980இல் அமெரிக்காவின் ராபர்ட் பர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். உட்பக்கச் செல் அடுக்கு அப்படியே இருந்தால் அசிட்டைல்கோலின் பட்டதும் துண்டு தளர்ந்தது. அந்த அடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளரவில்லை. வெறும் உறை என்று கருதப்பட்ட எண்டோதீலியம் தசைக்கு ஏதோ சொல்லியனுப்புகிறது என்பது புலனாயிற்று. அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. 1998இல் பர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உடலில் இந்த வாயுவை வெளியிட்டுத்தான் குழாய்களைத் தளர்த்துகிறது. பெரிசைட்டுக்கும் இதில் பங்குண்டு. மூளைத் தந்துகிகளை அணைத்திருக்கும் பெரிசைட்டுகள், பக்கவாதத்தில் ஆக்ஸிஜன் நின்றதும் குழாயை இறுக்கிப் பிடித்தபடியே இறந்துபோகின்றன என்று லண்டனில் டேவிட் அட்வெல்லின் குழு 2014இல் காட்டியது. பெரிய குழாயின் அடைப்பை நீக்கிய பிறகும் சில நேரம் மூளைக்குள் இரத்தம் சரியாக ஏறாமல் போவதற்கு இது ஒரு விளக்கம்.

குரோவைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். மனித இரத்தக் குழாய்களை நீட்டிவைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும், பூமியை இரண்டரை முறை சுற்றலாம் என்று பாடநூல்களிலும் வாட்ஸ்அப்பிலும் படித்திருப்பீர்கள். அதன் மூலம் 1922இல் வெளிவந்த குரோவின் நூல். ஒரு மனிதனுக்கு 50 கிலோ தசை இருக்கிறது, அதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,000 தந்துகிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு அவர் போட்ட தோராயக் கணக்கு அது. 50 கிலோ தசை சராசரி மனிதனுக்குக் கிடையாது. தந்துகி அடர்த்தியும் அவ்வளவு இல்லை. அண்மையில் மறுபடி கணக்கிட்டவர்கள் 9,000 முதல் 19,000 கிலோமீட்டர் என்கிறார்கள். குரோ நேர்மையாகத் தன் அனுமானங்களை எழுதிவைத்துவிட்டே கணக்கிட்டார். அனுமானங்கள் உதிர்ந்து எண் மட்டும் நூறாண்டாகச் சுற்றிவருகிறது.

இரண்டாவது செய்தி, நம் வீடுகளைத் தொடுவது. அந்த நூலின் உரைகளை நிகழ்த்த 1922இல் குரோ அமெரிக்கா சென்றபோது மனைவி மேரியும் உடன் சென்றார். மேரி மருத்துவர், ஆய்வாளர், சர்க்கரை நோயாளியும்கூட. டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே போயே ஆக வேண்டும் என்று கணவரை வற்புறுத்தியவர் அவர். குரோ அங்கிருந்து தயாரிப்பு உரிமையோடு டென்மார்க் திரும்பினார். 1923இல் அந்நாட்டு நோயாளிகளுக்கு இன்சுலின் கிடைத்தது.

தந்துகியை ஆராய்ந்தவர் சர்க்கரை நோய்க்கு மருந்து கொண்டுவந்தது தற்செயல். ஆனால் சர்க்கரை நோய் மெல்ல மெல்ல அழிப்பது தந்துகியைத்தான். தசைச் செல் தன் வாசலைத் திறக்க இன்சுலின் வேண்டும். எண்டோதீலியச் செல்லுக்கு வேண்டியதில்லை. இரத்தத்தில் குளுக்கோஸ் மிகுந்தால் அது மறுக்க முடியாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. அந்த மிகுதி செல்லுக்குள்ளேயே நஞ்சாகிறது. விழித்திரையில் முதலில் பெரிசைட்டுகள் உதிர்கின்றன. அணைப்பு இழந்த இடத்தில் சுவர் சிறு குமிழாகப் புடைக்கிறது, கசிகிறது. அடிச்சவ்வு தடிக்கிறது. சில தந்துகிகள் அடைந்தே போகின்றன. ஆக்ஸிஜன் கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் புரதத்தைச் சுரக்கிறது. அப்படி முளைப்பவை நோஞ்சான் குழாய்கள், அவை வெடித்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும். அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தைத்தான் இன்று கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

இவையெல்லாம் பெரும்பாலும் வலியே இல்லாமல், பார்வை தெளிவாக இருக்கும்போதே நடந்துகொண்டிருக்கும். ‘எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது’ என்று ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால் அந்தக் குமிழ்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். சிறுநீரகத் தந்துகிகள் கெடத் தொடங்கியதைச் சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம் காட்டிக்கொடுக்கும். கிரியாட்டினின் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது.

சுவர் கசிவது பற்றிச் சொன்னேன். நலமான உடலிலும் அது ஓயாமல் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. இதயத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உள்ள ஆல்புமின் முதலான புரதங்கள் சுவரைக் கடக்க முடியாமல் உள்ளே நின்று நீரைத் தம்மிடம் இழுக்கின்றன. இந்த இழுபறியை 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். தந்துகியின் தொடக்கத்தில் வெளியேறும் நீர் முடிவில் திரும்பி உள்ளே வந்துவிடும் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. கிளைக்கோகேலிக்ஸின் பங்கு தெரிந்த பிறகு அந்தப் படம் மாறிவிட்டது. பெரும்பாலான திசுக்களில் வெளியேறிய நீர் அப்படித் திரும்புவதில்லை. நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரை நிணநீர்க் குழாய்கள் சேகரித்துத் திரும்பக் கொண்டுவருகின்றன. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தபடி வந்தவருக்குக் காலையில் செருப்பு இறுகுகிறது. உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் பாதத் தந்துகிகளில் அழுத்தம் கூடியிருந்தது. கெண்டைக்கால் தசை அசையாததால் சிரையும் நிணநீரும் மேலே ஏறவில்லை. ஊருக்குள் கொஞ்சம் நடந்ததும் வடிந்துவிடும். சிறுநீரக நோயில் ஆல்புமின் சிறுநீரோடு போய்விட்டால் இழுக்கும் விசையே குறைந்து, காலையில் முகம் வீங்குகிறது. கண்ணாடிவிரியனின் நஞ்சு சுவரையே நேரடியாகத் தாக்கும். கடித்த பிறகு கன்னமும் கண்ணும் வீங்கி இரத்த அழுத்தம் சரிந்தால், அது உடல் முழுதும் தந்துகிகள் கசிவதன் அடையாளம். தென்னிந்திய மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

இப்போது டெங்கு. மழை ஓய்ந்த மாதங்களில் நம் ஊர் மருத்துவமனை வராந்தாக்களில் கேட்கும் ஒரே கேள்வி: ‘பிளேட்லெட் எவ்வளவு?’ 80,000 என்றால் பயம், 40,000 என்றால் ஓட்டம். பிளேட்லெட் குறைவது உண்மைதான். ஆனால் கடும் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தந்துகிச் சுவரின் கசிவு. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் என்எஸ்1 என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது டெங்கு வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதம். நோயைக் கண்டறிய உதவும் அந்தப் புரதமே எண்டோதீலியத்தைத் தாக்கிச் சுவரின் தடுப்பாற்றலைக் குலைக்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கிளைக்கோகேலிக்ஸை அது சிதைக்கிறது என்பதும் தொடர்ந்து தெரியவந்தது. நோயாளியின் சொந்த எதிர்ப்பாற்றல் பொழியும் வேதிப்பொருள்களும் சேர்ந்துகொள்கின்றன.

கசிவு தொடங்கும் நேரம்தான் மக்களை ஏமாற்றிவிடுகிறது. மூன்றாவது நாள் முதல் ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிறார்கள். அந்த இறக்கத்தோடு சேர்ந்துதான் சிலருக்குச் சுவர் தளர்கிறது. பிளாஸ்மா நுரையீரலைச் சுற்றிய உறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிகிறது. வயிற்று ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதாக வரும். பித்தப்பையில் நோய் எதுவும் இல்லை, அந்தத் தடிப்பு கசிந்த நீர். அணுக்கள் உள்ளேயே இருக்க நீர் மட்டும் வெளியேறுவதால் இரத்தம் கெட்டியாகிறது. பிசிவி என்று சீட்டில் போட்டிருக்கும் அளவு இதைக் காட்டும். 40 இருந்தது 48 ஆனால் அது 20 சதவீத ஏற்றம், கசிவுக்கு உறுதியான சாட்சி. பிளேட்லெட்டைக் கேட்பவர்கள் பிசிவியையும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சில்லிட்ட கைகால், சோர்ந்து தூங்கி வழிதல், காரணமில்லாத படபடப்பு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது.

அங்கே மருத்துவர் குழந்தையின் விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுவதைப் பார்த்திருக்கலாம். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதமானால் தோலின் நுண்தமனிகள் இறுகிவிட்டன, உடல் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதும் மேல் அழுத்தம் 100 என்று சரியாகவே இருக்கக்கூடும். அதற்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 20க்குக் குறுகியிருந்தால் ‘ஷாக்’ எனப்படும் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது. சலைன் இங்கே உயிர் காக்கிறது. ஆனால் அளவு தப்பக் கூடாது. கசியும் குழாயில் ஊற்றுவதில் ஒரு பங்கும் கசியத்தான் செய்யும். ஆகவே மணிக்கொருமுறை சிறுநீரும் நாடியும், சில மணிக்கொருமுறை பிசிவியும் பார்த்து, அழுத்தம் விழாமல் இருக்கத் தேவையான மிகக் குறைந்த அளவையே ஓடவிடுவார்கள். இரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணைப் பார்த்து மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் பெரும்பாலும் பயன் இல்லை.

24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு நின்றுவிடுகிறது. சுவர் இடிந்துபோகவில்லை, செல்களின் ஓரங்கள் பிடி தளர்ந்திருந்தன. அவை மீண்டும் இறுகுகின்றன. வெளியே தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீர் தாராளமாகப் போகும், பசி எடுக்கும், உள்ளங்கையிலும் காலிலும் அரிப்பெடுக்கும், பிசிவி இறங்கும். சலைனை நிறுத்த வேண்டிய நேரம் அதுதான். அப்போதும் ஓடவிட்டால், திரும்பிவரும் நீரும் ஏற்றும் நீரும் சேர்ந்து நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். பிளேட்லெட் இன்னும் 50,000தானே, அதற்குள் ஏன் டிரிப்பைக் கழற்றுகிறீர்கள் என்று உறவினர்கள் வாதாடுவது இந்தக் கட்டத்தில்தான். பிளேட்லெட் எண்ணிக்கை அடுத்த சில நாட்களில் தானாகவே ஏறிவிடும்.